நகத்தளவு யானை

பெரிய யுத்தம் முடிந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து பதுளைக்கு வண்டிதான். பதுளைக் கடைத்தெருவில் நாங்கள் ஆட்களைப் படம் பிடித்துக் கொடுக்கும் ஒரு சின்னப் படக்கடை வைத்திருந்தோம். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஜன்னலே இல்லாத இருட்டறை. முன்வாசலிலிருந்து பின்கதவு வரை இருபத்தெட்டு அடி. இந்தக் கணக்கு எனக்கு எப்படி மறக்காமல் இருக்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் அப்பா ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிளாக்கராக இருந்தார். பெண் பிள்ளையானாலும் படிக்கட்டும் என்று என்னை மிஷன் பள்ளியில் தங்கிப் படிக்க வைத்தார். கணவர் கங்காணி வீட்டுப் பிள்ளை. கொழும்பில் ஒரு படக்கடையில் ஏழு வருடம் வேலை பழகிவிட்டு வந்தவர். துரைமார்களோடு இங்கிலீஷ் பேசுவார். ஆனால் இங்கிலீஷில் கடிதம் வந்தால் என்னிடம் கொடுத்துவிடுவார். வாசிப்பதும் பதில் எழுதுவதும் என் வேலை. படம் பிடித்த கண்ணாடித் தகடுகளை மருந்துத் தண்ணீரில் போட்டுப் படம் வரவைக்கவும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அப்போது எங்கள் மகளுக்கு எட்டு மாதம். அவள் தும்மினாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவள் நான்.

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்ப இருந்தார். எங்கள் ஊவா மாகாணக் காட்டு மிருகங்களை உயிரோடு படத்தில் கொண்டுபோக வேண்டும் என்று அவருக்கு ஆசை. சுடுவதில் விருப்பமில்லாத மனிதர். கால் ஊனம் என்பதால் அவரால் காட்டுக்குள் போக முடியாது. தன்னுடைய கைக்காமிராவை என் கணவரிடம் கொடுத்து, தூரத்தில் நிற்பதைக் கிட்டே காட்டும் டெலிபோட்டோ லென்ஸ் ஒன்றைத் தேர்ந்து சொன்னால் கொழும்பிலிருந்து தருவிப்பதாகச் சொன்னார். கூடவே ஒரு விலைப் புத்தகத்தையும் கொடுத்தனுப்பினார்.

அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்களுக்குப் பொருந்துவதாக அதில் இரண்டு இருந்தன. ஒன்று பித்தளைக் குழாய், நாலரை ராத்தல். ஏழு மடங்கு கிட்டே காட்டும். ஆனால் வெளிச்சத்தை விழுங்கிவிடும். முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, மிருகம் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். மற்றது ஒன்றேகால் ராத்தல். இரண்டரை மடங்குதான் காட்டும். ஆனால் கைக்காமிராவில் பொருத்திக்கொண்டு நடக்கலாம். கண்மூடித் திறப்பதற்குள் படம் விழுந்துவிடும்.

என் கணவருக்கு முந்தின மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டி, மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார். அதன் பிறகு மேடு ஏறினால் மூச்சு வாங்கும். நாலரை ராத்தல் குழாயும் முக்காலியும் பெட்டியுமாக அவர் காட்டில் ஏறி இறங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைவிடக் கறுப்புத் துணி. தலையைத் துணிக்குள் விட்டுக்கொண்டு நிற்கும் மனிதனுக்கு அக்கம்பக்கத்தில் என்ன வருகிறது என்று எப்படித் தெரியும்? இந்த எண்ணம் வந்த பிறகு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலையில் அவரையும் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன். அது ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடை. அவரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். சொந்தமாக இரண்டு மாட்டுவண்டி வைத்திருந்தார். துணியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு பசறை வழியாகப் பிபிலைக்கு இறங்கி, சோளமும் தேனும் ஏற்றிக்கொண்டு வருவார். ஒரு பையில் நாலரை ராத்தல், இன்னொரு பையில் ஒன்றேகால் ராத்தல் அரிசி நிறுத்துத் தரச் சொன்னேன். இரண்டையும் கணவரின் இரண்டு கைகளில் கொடுத்து, கையை நீட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். நாலரை ராத்தல் பிடித்த கை கொஞ்ச நேரத்தில் நடுங்க ஆரம்பித்தது.

நானா தராசை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அரிசிய நிறுக்கச் சொன்னீங்களா, மாப்புளய நிறுக்கச் சொன்னீங்களா?"

கடைக்கு வந்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்துக்கொண்டே கையை இறக்கினார். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், பாரம் குறைந்ததே போதும் என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் விலைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பெருசுல தூர நின்னே எடுக்கலாம்" என்றார்.

"தூர நின்னாலும் தூக்கிட்டு ஓட முடியுமா?" என்றேன்.

உனக்குச் சரியென்று பட்டதை எழுது என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். பாரம் குறைந்த லென்ஸைக் கேட்டு அன்றைக்கே துரைக்குக் கடிதம் எழுதினேன். கணவரைப் பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு உறையை ஒட்டினேன்.

ஒரு மாதத்தில் லென்ஸ் வந்து சேர்ந்தது. கையில் எடுத்தால் ஒரு சின்னச் செம்பு கனம்கூட இல்லை. எங்கள் வாசலில் நானாவின் வண்டி மாடு ஒன்றைக் கட்டி வைத்துச் சோதித்துப் பார்த்தோம். அடிக்கோலால் தூரத்தை அளந்து, எத்தனை அடியில் மாடு தகட்டில் எத்தனை அங்குலம் விழுகிறது என்று நான் விலைப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினேன். முப்பது அடியில் மாடு இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. தகட்டின் உயரமே மூன்றேகால் அங்குலம்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்ட நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவ்வளவு சந்தோஷமாக எண்களை எழுதினேன். அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க மட்டும் தோன்றவில்லை.

வெயில் காலத்தில் பிபிலைப் பக்கத்துக் காடுகளில் குளங்கள் வற்றிவிடும். தண்ணீர் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு குளங்களுக்கு யானைகள் சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே இறங்கும். அந்த ஊர் வேட்டைக்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மரத்தில் பரண் கட்டி, அதில் உட்கார்ந்தபடியே படம் பிடிப்பதாகத் திட்டம். பரணை விட்டு இறங்கமாட்டேன் என்று மகளின் தலையைத் தொட்டுச் சொல்லச் சொன்னேன். சொன்னார். ஆனால் தொடவில்லை, பிள்ளை தூங்குகிறாள் என்று கையை எடுத்துக்கொண்டார்.

கீழ்நாட்டு வெக்கையில் தகடுகளை அதிக நாள் வைத்திருக்க முடியாது. தகட்டின் மேல் பூசியிருக்கும் பசை இளகிப் படம் கெட்டுப்போகும். அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். எடுத்த தகடுகளை அவர் பெட்டியில் வைத்துக் கட்டி, பிபிலையில் நானா சரக்கு இறக்கும் கடைக்கு அனுப்பிவிடுவார். நானாவின் வண்டி சனிக்கிழமை பதுளைக்கு வரும். நான் படம் வரவைத்துப் பார்த்து, எப்படி வந்திருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதித் திங்கட்கிழமை வண்டியில் கொடுத்தனுப்புவேன். அது அவருக்குப் புதன்கிழமை கிடைக்கும். சீட்டைப் பார்த்து அவர் தவறைத் திருத்திக்கொள்வார்.

முதல் சனிக்கிழமை வந்த பெட்டியில் அவர் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஆறு தகடுகள். எல்லாம் பரணிலிருந்து எடுத்தவை. குளமும் அக்கரை மரங்களும் துல்லியமாக இருந்தன. யானைகளும் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நகத்தளவுதான். எறும்பைப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தும்பிக்கை தெரிந்தது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. துரை இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? லென்ஸைத் தேர்ந்தெடுத்தவள் நானல்லவா? மனைவியாக என் கடமையைச் செய்வதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினேன். "படங்கள் தெளிவு. யானை நகத்தளவுதான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பெரிதாக விழுந்தால் துரைக்குப் பிடிக்கும்." இவ்வளவுதான் எழுதினேன். பிள்ளைக்குக் கீழ்ப்பல் முளைக்கிறது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். மடித்து நானாவிடம் கொடுத்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வண்டி வந்தது. நானா பெட்டியை என் கையில் கொடுத்தபோதே ஏதோ வித்தியாசம் தெரிந்தது. கணவர் எப்போதும் வெள்ளைச் சணல் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, நடுவில் முடிச்சுப் போடுவார். இந்தப் பெட்டி மரநாரால் சுற்றிக் கட்டியிருந்தது. மேலே காகிதம் இல்லை. உள்ளே சீட்டும் இல்லை.

"அவரைப் பார்த்தீங்களா நானா?"

"நான் பாக்கல்ல தங்கச்சி. அந்த வேட்டக்கார ஆள் கொண்டாந்து கடயில வச்சிட்டுப் போயிட்டானாம். நான் போக முந்தியே போயிட்டான்."

"ஒண்ணும் சொல்லலியா?"

"கடக்காரனுக்கிட்ட ஒண்ணும் சொல்லல்லயாம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசர வேலையாக இருக்கும் என்று நானா தானாகவே சேர்த்துச் சொன்னார்.

நானாவின் மனைவியை நான் மதினி என்பேன். மகளை மதினியிடம் கொடுத்துவிட்டு, இருட்டறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டேன். சிவப்பு விளக்கைத் தவிர அங்கே வேறு வெளிச்சம் கிடையாது. படம் முழுவதும் வந்து மருந்தில் உறையும்வரை கதவைத் திறக்கவும் கூடாது. பெட்டியில் நான்கு தகடுகள்தான் இருந்தன.

தகட்டில் படம் எப்படி வரும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் எல்லாமே தலைகீழ். வெளிச்சம் பட்ட இடம் கறுப்பாகும். இருட்டாக இருந்த இடம் வெள்ளையாகவே நிற்கும். மருந்துத் தண்ணீரில் போட்டு ஆட்டினால் முதலில் வானம் கறுக்கும், பிறகு தண்ணீர், பிறகு புல். யானை கறுப்பு மிருகம். ஆகையால் யானை என்று ஒன்று தகட்டில் வருவதில்லை. அதைச் சுற்றியிருப்பதெல்லாம் கறுத்து முடிந்தபின் கறுக்காமல் மிஞ்சுகிற வெள்ளை இடம்தான் யானை.

முதல் தகட்டில் பாதிச் சுண்டுவிரல் உயரத்துக்கு யானை மிஞ்சியது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் சீட்டு போய்ச் சேர்ந்துவிட்டது, நன்றாக எடுத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

இரண்டாவதில் யானை அதைப்போல ஒரு மடங்கு பெரிது. முகம் நேராக இருந்தது. தகட்டின் அடியில் ஏதோ கோடு கோடாக மங்கலாகத் தெரிந்தது. தகட்டை விளக்கருகில் பிடித்தேன். புல். காமிராவுக்கு முன்னால், காமிராவின் உயரத்துக்கு நிற்கும் புல். பரணிலிருந்து எடுத்தால் புல் எப்படி முன்னால் நிற்கும்? அவர் தரையில் நின்றிருக்கிறார்.

என் கை மூன்றாவது தகட்டைத் தானாகவே மருந்தில் போட்டது. மேல்மூலைகள் இரண்டும் கறுத்தன. வேறெதுவும் கறுக்கவில்லை. தகடு பழுதாகிவிட்டது என்று எண்ணி இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டினேன். பிறகுதான், பழுதில்லை, அந்த வெள்ளை முழுவதும் யானை என்று புரிந்தது. விரித்த காதுகள் இரண்டும் தகட்டின் இரண்டு ஓரங்களையும் தொட்டுக்கொண்டிருந்தன. நெற்றி மேல்விளிம்பில் இருந்தது. முழங்காலுக்குக் கீழே தகட்டில் இடம் போதவில்லை.

மாட்டை அளந்து எழுதிய எண்கள் எனக்கு மனப்பாடம். மாட்டைப்போல இரண்டு மடங்கு உயரமான மிருகம் தகட்டில் அடங்காமல் நிற்க வேண்டுமானால் எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கும்? இருட்டில் நின்றபடியே கணக்குப் போட்டேன். இருபத்தைந்து அடிகூட இல்லை. எங்கள் முன்வாசலுக்கும் பின்கதவுக்கும் உள்ள தூரம்கூட இல்லை. பின்கதவில் யானை காதை விரித்துக்கொண்டு நிற்க, முன்வாசலில் காமிராவைக் குனிந்து பார்த்துக்கொண்டு அவர் நிற்பதுபோல எனக்குத் தெரிந்தது. பெரிய லென்ஸாக இருந்திருந்தால் இதே அளவு படத்துக்கு எழுபது அடியில் நின்றிருக்கலாம். பாரத்தைத் தராசில் வைத்துப் பார்த்த நான், குறைந்த பாரத்துக்காக அவரை எவ்வளவு தூரம் முன்னால் தள்ளுகிறேன் என்று பார்க்கவில்லை. அது போதாதென்று, இன்னும் பெரிதாக வேண்டுமென்று சீட்டு வேறு எழுதியிருக்கிறேன்.

நான்காவது தகட்டைப் போட்டேன். ஆட்டினேன். மூலைகள் கறுக்கவில்லை. வானம் வரவில்லை. புல் வரவில்லை. எதுவுமே கறுக்கவில்லை. முழுத் தகடும் பால்போல வெறுமையாகக் கிடந்தது.

மூன்றாவதில் தகட்டை அடைத்துக்கொண்டு நின்ற யானை, நான்காவதில் வானத்தையும் மறைத்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. வெளியே மகள் அழும் சத்தம் கேட்டது. சீட்டில்லாத பெட்டியும் மரநாரும் நினைவுக்கு வந்தன. தாழைத் திறக்கக் கை போனது. திறந்தால் நான்கு தகடுகளும் கெட்டுப்போகும். ஒருவேளை அவர் கடைசியாக எடுத்தவை இவையாக இருந்தால்? கையை இழுத்துக்கொண்டேன். அடுத்த மருந்தில் ஒவ்வொன்றாகப் போட்டு, உறையும்வரை எண்ணிக்கொண்டு நின்றேன். எத்தனை எண்ணினேன் என்று தெரியாமல் மூன்று தடவை முதலிலிருந்து எண்ணினேன்.

கதவைத் திறந்தபோது மதினி பிள்ளையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நானாவைக் கூப்பிட்டார். நான் மூன்றாவது தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். தகட்டில் எல்லாம் தலைகீழாக இருந்ததால் நானாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளை யானையா என்று கேட்டார். நான் முன்வாசலைக் காட்டினேன், பின்கதவைக் காட்டினேன். இவ்வளவு தூரம்தான் நானா என்றேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நான்காவது தகட்டையும் காட்டினேன். அது இப்போது வெறும் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. அதன் வழியாக நானாவின் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் சிரிப்பில்லை.

"திங்கக்கிழம வரைக்கும் இரிக்கத் தேவல்ல. மாடு ரெண்டு மணித்தியாலம் ஆறட்டும். நான் இண்டக்கே போறன்."

வந்த களைப்பு முழுசாக ஆறாத மாடுகளையே மறுபடி வண்டியில் பூட்டச் சொன்னார். அவரோடு அனுப்ப ஒரு சீட்டு எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. படம் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் மறுபடியும் அப்படியே எடுப்பார். கெட்டுவிட்டது என்று எழுதினால் இன்னும் கிட்டே போய் எடுப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதினால் உடனே வந்துவிடுவார். ஆனால் அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதிவிட்டால் நிஜமாகவே வந்துவிடுமோ என்ற பயம். கடைசியில், "லென்ஸைத் தேர்ந்தது என் தப்பு. பெரிதாக வேண்டுமென்று எழுதியதும் என் தப்பு. ஒரு படமும் வேண்டாம். வந்துவிடுங்கள்" என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான், இதை வாசிக்க அவர் இருக்கிறாரா என்ற கேள்வி வந்தது. சீட்டை மடித்து நானாவிடம் கொடுத்தேன்.

அடுத்த ஐந்து நாட்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மதினி இரண்டு வேளையும் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது மட்டும் அழக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். அழுதால் துக்கம் பாலில் கலந்துவிடும் என்று யாரோ சொன்னது மனதில் இருந்தது. படித்தவள்தான், ஆனாலும் நம்பினேன். வீட்டுக்குள் முன்வாசலிலிருந்து பின்கதவுக்கு நடக்கும்போதெல்லாம் எடுத்து வைக்கும் எட்டுகளை எண்ணினேன். பத்தாவது எட்டில் பின்கதவில் கை பட்டுவிடும். பிறகு வீட்டைச் சுற்றி வெளிப்பக்கமாகவே போய் வர ஆரம்பித்தேன். துரைக்குச் சொல்லலாம் என்று ஆள் அனுப்பினால், அவர் நுவரெலியாவுக்குப் போயிருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மதினிதான் முதலில் வண்டியைப் பார்த்தார். அவர் கூப்பிட்டும் நான் வாசலுக்குப் போகவில்லை. வண்டியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்கத் தைரியமில்லாமல், மகளை மார்போடு அணைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன்.

"தங்கச்சி, உங்கட சாமானக் கொண்டாந்திரிக்கேன். கொஞ்சம் ஒடஞ்சிரிக்கி, ஆனா பாவிக்கலாம்" என்று நானாவின் குரல் கேட்டது. அதில் பழைய கேலி இருந்தது. அதற்குப் பிறகுதான் என் கால் நகர்ந்தது.

அவர் வலது கை வீங்கி, பச்சிலை வைத்துக் கட்டியிருந்தது. கணுக்காலிலும் கட்டு. மற்றபடி முழுசாக இருந்தார். நான் அவரைத் திட்டவில்லை, அழவுமில்லை. பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரப் போனேன். தண்ணீரை எடுத்துக்கொண்டு, எதற்காக எடுத்தேன் என்று தெரியாமல் மறுபடி குடத்திலேயே ஊற்றினேன்.

நடந்தது இதுதான். என் சீட்டு புதன்கிழமை அவருக்குக் கிடைத்திருக்கிறது. பரணிலிருந்து எடுத்தால் நகத்தளவுக்குமேல் வராது என்று அவருக்குத் தெரியும். அன்று சாயங்காலமே இறங்கிப் புல்லுக்குள் போயிருக்கிறார். ஒற்றை யானை. முதல் இரண்டு படங்களுக்கு அவர்தான் கிட்டே போனார். மூன்றாவதுக்கு யானையே வந்துவிட்டது. வேட்டைக்காரர் மரத்திலிருந்து கத்தியதும் அது நின்று தலையை ஆட்டியது. அந்த நேரத்தில் நான்காவது தகட்டையும் போட்டு எடுத்துவிட்டு, பக்கத்தில் வற்றிக் கிடந்த ஓடைக்குள் குதித்திருக்கிறார். யானை ஓடை விளிம்புவரை வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டது. விழுந்ததில் மணிக்கட்டு பிசகிவிட்டது. பென்சில் பிடிக்க முடியவில்லை. அதனால்தான் சீட்டு இல்லை. முடிச்சுப் போடவும் முடியவில்லை. வேட்டைக்காரர்தான் நார் உரித்துக் கட்டினார். தனக்கு ஒன்றுமில்லை என்று கடைக்காரரிடம் சொல்லச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். அந்த மனிதர் பெட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"நான் செத்துட்டேன்னு நெனச்சியா?" என்று கேட்டார்.

நான் நான்காவது தகட்டைப் பற்றிச் சொன்னேன்.

"ஏம்புள்ள, படிச்சவதானே நீ? நான் செத்திருந்தா அந்தப் பிளேட்டை இருட்டுப் பைக்குள்ள கையை விட்டுப் பெட்டிக்கு மாத்துனது யாரு? அந்த ஆளு மாத்தியிருந்தா வெளிச்சம் பட்டு நாலும் கரிக்கட்டையாயில்ல இருக்கும்?"

உண்மைதான். தகடு மாற்றும் கறுப்புப் பையில் இரண்டு கைகளையும் நுழைத்து, தடவித் தடவி மாற்றத் தெரிந்தவர் அந்தக் காட்டில் அவர் ஒருவர்தான். விழுந்த கை வீங்குவதற்கு முன்பே மாற்றிவிட்டிருந்தார். நான்காவது தகடு கறுக்காமல் என் கைக்கு வந்ததே அவர் உயிரோடு இருந்ததற்குச் சாட்சி. அந்த ஐந்து நாளும் சாட்சி என் மேசைமேலேயே கிடந்தது. பயம் என்னை அதைப் படிக்க விடவில்லை. நானா அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். தெரு முழுக்க அந்தக் கதை ஒரு வாரம் ஓடியது.

ஆனால் கணவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ நினைத்துக்கொண்டவர்போலச் சிரிப்பை நிறுத்தினார். அந்தத் தகட்டைக் கொண்டுவரச் சொன்னார். இடது கையால் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"வெறும் கண்ணாடியா இருக்கு" என்றார். "அப்ப நான் சட்டத்து மூடியை இழுக்கவேயில்லை."

தகடு வைக்கும் சட்டத்துக்கு ஒரு மூடி உண்டு. அதை இழுத்த பிறகுதான் படம் எடுக்க வேண்டும். வேலைக்கு வருகிற பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம் அது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அதை மறந்ததில்லை. தான் நிதானமாக நின்று நான்காவது படத்தையும் எடுத்துவிட்டதாகத்தான் அதுவரை நம்பியிருந்தார். வண்டியில் நானாவிடமும் அப்படித்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். தகட்டைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீ எழுதுன சீட்டைப் பாத்ததும், என் பொண்டாட்டி முன்னாடி தோத்துடக் கூடாதுன்னுதான் எறங்குனேன்" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு யார் சொன்ன ஆறுதலும் எனக்குள் இறங்கவில்லை.

மூன்றாவது படத்தைத் துரை மிகவும் ரசித்ததாகச் சொன்னார். சீமைக்கு அதைத்தான் முதலில் பொதிந்து எடுத்துக்கொண்டாராம். போகும்போது லென்ஸை எங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார். என் கணவர் இன்னும் வெயில் காலத்தில் கீழே போகிறார். போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரிய லென்ஸ்தான் நல்லது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. முக்காலியை விரிப்பதற்குள் யானை போய்விடும் என்று அவர் சொல்வதும் நியாயம்தான். விரித்துக்கொண்டிருக்கும்போது வந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் நியாயம்தான். ஐம்பது அடிக்குள் போவதில்லை என்று மட்டும் பேசி வைத்திருக்கிறோம். தகடுகள் வந்தால் படம் வரவைத்துவிட்டு, யானை எவ்வளவு பெரிது என்று எழுதுவதில்லை. படம் தெளிவா இல்லையா என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. அவளிடமோ, அவள் அப்பாவிடமோ, வேலைக்கு வருகிறவர்களிடமோ, "இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அந்தக் கொஞ்சத்துக்காக அவர்கள் எவ்வளவு தூரம் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்கிறேன். பல நாட்களில் அந்த வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது.